டீத்தூள்காரனின் பால் இல்லாத வாரம்

இரண்டு கிளாஸ்

மாஸ்டர் இரண்டு கிளாஸ்களையும் என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டீத்தூள் வியாபாரத்தில் முதலில் விலை போவது விற்கிறவனுடைய முகம். தூள் அதற்குப் பிறகுதான். ஒரு கிளாஸில் கடையில் ஓடிக்கொண்டிருக்கும் தூள், இன்னொன்றில் நான் கொண்டுபோன தூள். இரண்டையும் கடைக்காரர்கள் கண் முன்னால் நான் குடிக்க வேண்டும். முதல் கிளாஸுக்கு முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. இரண்டாவதற்குப் புருவம் கொஞ்சம் மேலே போக வேண்டும். அதிகம் போனால் நம்ப மாட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரைக்கும் பல வருஷமாக இந்தப் புருவத்தை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று பாப்பிரெட்டிப்பட்டியில் அந்த இரண்டு கிளாஸ்களையும் நான் தொடவில்லை. முந்தைய நாள்தான் தருமபுரியில் ஒரு டாக்டர் என் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்திருந்தார். பார்த்ததோடு நிற்காமல் ஒரு துணுக்கு சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றார். அந்த "இருந்தாலும்" என்னோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டது. ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பால் டீ கூடாது, பால் சேர்க்காத டீயும் கூடாது, காபியை நினைக்கவே கூடாது. வேறு ஏதாவது சூடாகக் குடித்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டதும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏதோ யோசிப்பதுபோல் நிற்கிறவர்களே, தலையணையை இரண்டாக மடித்துப் படுக்கிறவர்களே, சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை வைத்திருக்கிறவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மாஸ்டரிடம் வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். சதை எடுத்ததைச் சொல்லவில்லை. அவர் என் தூளில் போட்ட டீயை எடுத்து முகர்ந்து பார்த்தார். கிளாஸைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். பிறகு மரியாதை குறையாமல் கேட்டார்.

"தூளு விக்கறவருக்கே வயிறு கெட்டுப்போச்சுன்னா, குடிக்கற ஜனத்துக்கு நான் என்னாங்க பதில் சொல்றது?"

சுக்கு

வேறு ஏதாவது சூடாக என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் எல்லோர் வாயிலும் வருவது சுக்கு. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் சுக்கு டீ என்று தனியாகவே போடுவார்கள். பெயரில்தான் டீ, அதில் ஒரு சிட்டிகை டீத்தூளும் கிடையாது. அதனாலேயே இத்தனை வருஷமும் அந்தச் சுக்குப் பாத்திரத்தை நான் விரோதமாகத்தான் பார்த்துவந்தேன். என் வியாபாரத்தில் மண்ணைப் போட்டது நேருக்கு நேர் அந்தப் பாத்திரம் ஒன்றுதான்.

கடைக்காரர் ராஜேந்திரன் நான் கேட்டதும் ரொம்ப சந்தோஷப்பட்டார். தோற்றவன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததுபோல அவருக்கு இருந்திருக்கும். எனக்காகவே கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறி, மண்டி கிடந்த பகுதியிலிருந்து அள்ளி ஊற்றினார். சுக்கு, மிளகு, கொத்தமல்லி, திப்பிலி, வெல்லம். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாயில் காது அடைத்தது. கிளாஸ் முடிந்தபோது என் இரைப்பை எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடத்தில் முடிகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டியிருப்பேன்.

கண்ணில் தண்ணீரோடு அவரைப் பார்த்தேன். அவர் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டிவிட்டுச் சொன்னார்.

"இதுக்குத் தாங்கற கிருமி இன்னும் பொறக்கலீங்க. ஆளு தாங்கணும், அவ்ளோதான்."

சாமந்தி

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. பெங்களூரில் பெட்டி போட்டுப் பூ டீ விற்கிறார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். வெந்நீரில் உலர்ந்த பூவைப் போட்டால் வயிற்றுக்கு இதமாம். பாலக்கோட்டுப் பக்கம் நான் தூள் போடும் கடை ஒன்றில் காலையில் பூக்காரர்கள் கூடுவார்கள். சாக்குச் சாக்காகச் சாமந்தியை டெம்போவில் ஏற்றிவிட்டு டீ குடிக்க வருவார்கள். பூவூரிலேயே இருந்துகொண்டு பெட்டியில் வாங்குவானேன் என்று தோன்றியது.

கிருஷ்ணப்பா என்று ஒரு விவசாயி, வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவரிடம் ஒரு கை பூ கேட்டேன். இரண்டு கை கொடுத்தார். மாஸ்டர் அதை வெந்நீரில் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கக் கோயில் வாசனை. வடிகட்டினால் பொன் நிறத்தில் தெளிவாக இறங்கியது. இந்த நிறத்துக்காக எங்கள் கம்பெனியில் என்னென்னவோ கலந்து பார்த்திருக்கிறார்கள். மாஸ்டர் ஊற்ற ஊற்ற, "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் போதும் போதும் என்று தடுத்துக்கொண்டிருந்தார் கிருஷ்ணப்பா. தன் பூவுக்கு இவ்வளவு மதிப்பா என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளாஸ் உதடு வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குடிக்கறதுக்கா கேட்டீங்க? நான் ஆவி புடிக்கன்னு இல்ல நெனச்சேன்."

ஏன், குடித்தால் என்ன என்று கேட்டேன். நேற்று முன்தினம் சாயந்தரம்தான் பூச்சிமருந்து அடித்ததாகச் சொன்னார். பூவுக்கா என்றேன். பூவுக்குத்தான் என்றார். சாமிக்குப் போகிற பூவாயிற்றே என்றேன். கிளாஸை என் கையிலிருந்து வாங்கித் தரையில் ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சாமிக்குங்கறதாலதான் தைரியமா அடிக்கறோம். சாமி என்ன, காய்ச்சியா குடிக்கப் போவுது?"

தவக்காலம்

மாதா கோயில் இருக்கிற ஊர் ஒன்றில் ஸ்டெல்லா அக்காவின் கடை. கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார், கடை முழுக்க அக்காவின் ஆட்சி. பாய்லருக்கு மேலே மாதா படம், அதற்குக் கீழே நான் போன வருஷம் கொடுத்த காலண்டர். எப்போதும்போல இரண்டு கிளாஸ்களை எடுத்தார். வேண்டாம் என்றேன். இப்போது சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. வயிறு, குழாய், வாரம் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவேன். அக்கா பாய்லரின் மறுபக்கம் இருந்த ஒரு சின்ன மூடி போட்ட பாத்திரத்தைத் திறந்தார்.

தவக்காலம் என்பதால் அவர் பால் டீயை விட்டிருந்தார். ஊருக்கெல்லாம் நாள் பூராவும் பால் டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டு, தனக்கு மட்டும் இதைப் போட்டு வைத்திருந்தார். சோம்பு. வெறும் வாணலியில் லேசாக வறுத்து, பாதி நசுங்குகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு உடனே அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் கசந்துவிடும். துளி நாட்டுச்சர்க்கரை. அவ்வளவுதான்.

நான் நின்றபடியே குடித்தேன். பிறகு உட்கார்ந்தேன். மேலே வர வேண்டியது எதுவும் மேலே வரவில்லை. வறுத்த வாசனை மூக்கிலும் இனிப்பு நாக்கின் ஓரத்திலும் நின்றன. நெஞ்சுக்குக் கீழே யாரோ கதவைச் சாத்திவிட்டு அமைதியாகப் போனதுபோல இருந்தது. குழாய் விட்ட நாளிலிருந்து அந்தப் பத்து நிமிஷம்தான் ரிசல்ட்டைப் பற்றி நான் நினைக்காமல் இருந்தேன். இன்னொரு கிளாஸ் கேட்டேன். கேட்ட பிறகுதான் என் புருவம் மேலே போயிருப்பது தெரிந்தது. வியாபாரத்துக்கு இல்லாமல் அது தானாக மேலே போய் எவ்வளவு காலம் ஆயிற்று.

ஒரு பொட்டலம் சோம்பு கட்டிக் கொடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார் அக்கா.

"எனக்கு ஈஸ்டர் வந்தா முடிஞ்சிரும். உங்க மூஞ்சியப் பாத்தா, ஆயுசுக்கும் தவக்காலம் இருக்கறவரு மாதிரி இருக்குதுங்க."

எங்கள் வீட்டில்

சுமதி, என் மனைவி, டீ குடிப்பதில் என்னைவிடப் பெரிய ஆள். நான் பிழைப்புக்குக் குடிக்கிறேன், அவள் விரும்பிக் குடிக்கிறாள். காலையில் எழுந்ததும் பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஒன்று, சாயந்தரம் அதே டம்ளரில் ஒன்று. அவளுக்குக் கடைசிச் சொட்டு வரைக்கும் சூடாக இருக்க வேண்டும், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வீட்டில் தூளுக்கு எப்போதும் பஞ்சமில்லை. சாம்பிள் பாக்கெட்டுகளே அலமாரியில் ஒரு தட்டை நிரப்பியிருக்கும்.

அந்த வாரம் சோம்பு டீயை எனக்குப் போட்டுக் கொடுத்தாள், தனக்கும் அதிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். டீத்தூள் டப்பா நான் வைத்த இடத்திலேயே இருந்தது. வாங்கிய பால் தயிராகிக்கொண்டிருந்தது. கேட்டால் பால் திரிந்துவிட்டது என்றாள். தினமுமா திரியும்? இரண்டாம் நாளிலிருந்து அவள் நெற்றியில் தைலம் பளபளத்துக்கொண்டிருந்தது. அறைக்குள் நுழைந்தாலே கண் எரியும். டீயை நிறுத்தினால் வருகிற தலைவலி எப்படி இருக்கும் என்று எனக்கும் அந்த வாரம் நன்றாகத் தெரியும். ஒரு வீட்டில் இரண்டு தலைவலிகள், அலமாரியில் ஒரு தட்டு டீத்தூள். ரிசல்ட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை.

தலைவலிக்கு ஒரு வாய் டீ போட்டுக் குடியேன் என்றேன். அவள் தைல டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெயிலுக்குத்தான் வலிக்குது. நீங்க உங்க சோம்பக் குடிங்க."

மீன் கடையில்

ஒகேனக்கல்லில் டீ விற்பது தனி வித்தை. எந்தத் தூள் போட்டாலும் அது மீன் வறுவல் வாசனையோடுதான் கிளாஸுக்கு வரும். அங்கே ஒரு வறுவல் கடையில் அடுப்பின் மூலையில் டீயும் போடுகிறார்கள். பொட்டலத்தில் இருந்த சோம்பு வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரம்மா யோசித்துவிட்டு, மீனில் போட வைத்திருந்த கறிவேப்பிலையை ஒரு கொத்து உருவி, சீரகத்தோடு கொதிக்கவிட்டு ஒரு டம்ளரில் கொடுத்தார். குடிக்க முடிந்தது. நன்றாக இருந்தது என்று சொன்னால் ஸ்டெல்லா அக்காவுக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

பக்கத்தில் பரிசல் ஓட்டுகிற ஒருவர், பெயர் மாதையன், சோற்றுக்கு வறுத்த மீன் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வாயாக ஊதி ஊதிக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிசல்ட் மறுநாள். தண்ணீர் இரைச்சலில் அதை நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் கடைகளுக்குப் போகும் அந்த லைனை அன்றைக்கு வைத்துக்கொண்டேன். ஆனால் அருவிப் பக்கம் பார்த்தால் அது இன்னும் அதிகமாகத்தான் நினைவுக்கு வந்தது. யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. முன்பின் தெரியாத மாதையனிடம், சதை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கடைசிவரை கேட்டார். பாவம் என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ சொல்லவில்லை. டாக்டர் என்னவெல்லாம் கூடாது என்றார் என்று மட்டும் மறுபடி கேட்டார். பால் டீ, வெறும் டீ, காபி என்றேன். தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மீனு வேணாம்னு சொல்லலியே. அப்புறம் எதுக்குங்க உக்காந்து தழத்தண்ணி குடிக்கறீங்க?"

கரும்பலகை

நான் கடை கடையாகச் சோம்பு டீ போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனதில் ஒரு விபரீதம் நடந்தது. பென்னாகரம் ரோட்டில் ஒரு கடையில் மாஸ்டர் எனக்குப் போட்டபோது கூடவே இரண்டு பேர் கேட்டுக் குடித்தார்கள். இருவருக்கும் ஏப்பம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளுக்கு இதைவிட விளம்பரம் வேண்டியதில்லை. ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது கடை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: டீ, காபி, பூஸ்ட், வயித்து டீ.

நான் நின்று படித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "வயித்து டீ ஒண்ணு" என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சதைத் துணுக்கு என்ன சொன்னாலும் சொல்லட்டும், மாவட்டத்தில் ஒரு டீக்குக் காரணமாகிவிட்டேன் என்று நினைத்தேன். பெருமை தருமபுரி வந்து முதலாளியைப் பார்க்கிற வரைக்கும் இருந்தது. அவர்தான் கம்பெனித் தூளை மாவட்டம் முழுக்க எடுத்து விநியோகம் செய்கிறவர். பென்னாகரம் ரோட்டுக்காரர் வழக்கமாக எடுக்கும் தூளில் குறைத்துச் சொல்லியிருந்தார்; காரணத்தையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். முதலாளி என்னை உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"உடம்பு எப்படி இருக்குது? நல்லாயிரும். நல்லானதும் ஒண்ணு மட்டும் சொல்லு: நீ என் தூளு விக்கறியா, செட்டியார் மளிகக் கட சோம்பு விக்கறியா?"

ரிசல்ட்

டாக்டர் கவரைப் பிரித்துப் படிக்கும்போது நானும் சுமதியும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள்; அன்று அந்த வேலை எனக்கு வந்தது. முதல் பக்கத்துக்கு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பக்கத்துக்குப் புருவம் கொஞ்சம் மேலே போயிற்று. அதிகம் போகவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

புண் இருக்கிறது, ஒரு கிருமி இருக்கிறது, இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். அந்த "வேறு ஒன்றும் இல்லை" என்பதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வெறும் வயிற்றில் கூடாது, நாளுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்றார். என் தொழிலைச் சொன்னேன், இரண்டு கிளாஸ் வழக்கத்தையும் புருவத்தையும் சொன்னேன். அவர் மாத்திரை எழுதுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"முழு கிளாஸ் எதுக்கு? ஒரு வாய் குடிங்க. உங்க புருவத்துக்கு அது போதாதா?"

வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நிற்காமல் கால் தானாக எதிரில் இருந்த டீக்கடைக்குப் போயிற்று. அந்தக் கடை என் லைனில் இல்லை, தூளும் எங்களுடையது இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலை இட்லி வயிற்றில் இருந்தது. இரண்டு டீ சொன்னேன், வந்தது. தூள் சுமார்தான், டிகாஷன் பழசு, பாலில் தண்ணீர் அதிகம். எல்லாக் குறையும் தெரிந்தது, தெரிந்தும் ஒன்றும் குறையாக இல்லை. அன்பர்களே, உலகத்தில் இத்தனை வகை டீ இருக்கிறது என்று டீத்தூள் விற்கிறவனுக்குத் தெரிய வருவதே, டீ கூடாது என்று ஒருவர் சொன்ன பிறகுதான்.

சுமதி தன் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து நெற்றியில் இருந்த தைலத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.